ஜெசிதா கட்டிய காது

குருநகரில் ஜெசிதாவைப் பிடித்தவர்கள் குறைவு. எனக்கும் பிடிக்காது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு மற்றவரின் முகம் என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கவும் மாட்டாள். அவளைப் பற்றி எழுத என்னைவிட நல்ல மனம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதினால் அவளுக்குச் சிறகு கட்டிப் பறக்க விட்டுவிடுவார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு சஞ்சிகைக்காரி அந்த வேலையை ஏற்கனவே செய்துவிட்டாள். வடக்கின் இசைக்கு நீதி கொண்டுவந்த பெண் என்று தலைப்பு. கூடவே கடலைப் பார்த்தபடி ஜெசிதா நிற்கிற படம். அந்தக் குடும்பத்துக்குக் கடல் செய்ததைத் தெரிந்த எவரும் அப்படி ஒரு படம் எடுக்கமாட்டார்கள்.

நான் லியோன், பேஸ் கிற்றார் வாசிப்பவன். கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு, கோவில் பெருநாள் என்று எங்கே மேடை போட்டாலும் பின்வரிசையில் நிற்பேன். மெட்டும் போடுவேன். என் மெட்டுகள் பலருடைய பெயரில் உலகம் சுற்றியிருக்கின்றன. அதனால் என் பேச்சில் கசப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெசிதாவின் தாய் செபஸ்தியம்மா கருவாடு விற்பவர். தொடர்மாடியில் வீடு. கணவர் இல்லை. காலையில் பஸ்ஸில் கொடிகாமம் சந்தைக்குப் போய், மத்தியானம் திரும்புவார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. விலை குறைத்துக் கேட்டால் கருவாட்டைத் திரும்பப் பனையோலைக் கடகத்துக்குள் போட்டுவிடுவார். ஜெசிதாவுக்கு அந்த நாக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பதினாறு வயதில் ஜெசிதா பாடினாள். கோவில் பாடகர் குழுவில் அவளுடைய குரல் தனியாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் பெரிய இசைக்குழு கிறிஸ்ரோபர் மாஸ்ரருடையது. எழுதுகிறவன், மெட்டுப் போடுகிறவன், வாசிக்கிறவன், பாடுகிறவள் எல்லோரையும் அவர் என்ரை பிள்ளையள் என்பார். பிள்ளைகள் செய்வதெல்லாம் தகப்பன் பெயரில் இருப்பதுதானே முறை. பாட்டு வெளிவரும்போது படமும் அவர், பெயரும் அவர். நன்றி சொல்லும் இடத்தில், ஜெனரேற்றர் தந்தவருக்குக் கீழே எங்கள் பெயர்கள் கிடக்கும்.

அந்த மனிதர் ஒரு பெருநாளுக்கு மாதா பாட்டொன்றை ஜெசிதாவைக் கொண்டு பாடுவித்தார். வீடியோ வந்தபோது குரல் அவளுடையது, வாய் அவருடைய தமையன் மகளுடையது. அந்தப் பிள்ளை நல்ல வெள்ளை. கையில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு, ஜெசிதா மூச்சு வாங்கிய இடங்களில்கூட உதட்டைச் சரியாக அசைத்திருந்தாள். ஜெசிதா பள்ளிச் சீருடையோடு மாஸ்ரர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் தேத்தண்ணி கொடுத்து, கடவுளுக்குப் பாடியதைக் கடவுள் அறிவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் தாய் அதைவிட மோசம். வாயைத் திறந்தவளிடம்தான் களவெடுப்பார்கள், நீ ஏன் திறந்தாய் என்று கேட்டார். அதன்பின் ஜெசிதா பாடவில்லை. கோவிலில் எல்லோரும் பாடும்போதும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். கோபத்தைச் சேமித்து வைக்கத் தெரிந்தவள் அவள்.

படித்து, யாழ்ப்பாண நகரத்தில் மென்பொருள் எழுதும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கூட வேலை செய்த இரண்டு பேரோடு சேர்ந்து அவள் எழுதியதுதான் காது. அது கைத்தொலைபேசியில் இயங்கும் ஒரு செயலி. ஒரு பாட்டை அதற்குள் போட்டால், கைரேகை எடுப்பதுபோல அந்த ஒலியின் அடையாளத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த ஒலி இணையத்தில் எங்கே ஓடினாலும், வெட்டி ஓடினாலும், வேகம் மாற்றி ஓடினாலும் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும், பாட்டுக்கு உரியவர்களின் பெயர்களோடு அந்தத் தளத்துக்கு முறைப்பாடு போகும். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு ஓடும், சம்மதிக்காவிட்டால் நின்றுவிடும். ஒருமுறை ஏறிய பெயரை எவராலும் அழிக்க முடியாது. பெயர்கள் ஒரே இடத்தில் இருந்தால் ஒருநாள் மாஸ்ரர் போன்ற ஒருவர் வந்து அழித்துவிடுவார் என்று, அங்கத்தவர் எல்லோருடைய கணினிகளிலும் ஒரே நேரத்தில் இருக்கும்படி செய்திருந்தாள்.

கோவில் பங்கு மண்டபத்தில் எங்களைக் கூட்டி இதை விளங்கப்படுத்தினாள். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கிறிஸ்ரோபர் மாஸ்ரர் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழும்பி, நல்ல விஷயம், ஆனால் இவர்களுக்கு உது எல்லாம் விளங்காது, என்னுடைய ஆட்கள் எல்லோருக்குமாக நானே சம்மதம் சொல்லிவிடுகிறேன் என்றார். மண்டபத்தில் தலைகள் ஆடத் தொடங்கின. வெட்கக்கேடு, என் தலையும் ஆடியிருக்கும். ஜெசிதா மேசையில் கையை ஊன்றினாள்.

"அவரவர் தங்கடை வாயாலை ஓம் சொல்லவேணும். பிள்ளைக்காகத் தாய் சொல்லேலாது, தாய்க்காகப் பிள்ளை சொல்லேலாது. அதுக்கு ஏலாதெண்டால் இப்பவே கலைஞ்சு போவம்."

அதுவே முதல் விதி ஆனது. ஒருவர் பெயர் ஏறவேண்டுமானால், இந்த ஆக்கம் உங்களுடையதா என்று செயலி கேட்கும். அவர் சம்மதமென்றால் தன் குரலில் ஓம் என்று சொல்லவேண்டும். பாடுகிறவராயின் அந்தக் குரலும் பாட்டில் உள்ள குரலும் ஒன்றுதானா என்று காது ஒப்பிட்டுப் பார்க்கும். அன்று நான் என் பழைய மெட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னேன். கடைசி மெட்டுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

காது வேலை செய்தது. ஒரு நகைக்கடை விளம்பரத்தில் என் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. காது பிடித்துக் கொடுத்தபின் அந்தக் கடையிலிருந்து ஒருவர் என்னை ஐயா என்று அழைத்துப் பேசினார். என் வாழ்க்கையில் இசைக்காக எவரும் என்னை ஐயா என்றதில்லை. அன்று முழுதும் எனக்கு நிலத்தில் கால் படவில்லை. அவளுக்கு நன்றி சொல்லப் போனேன். நன்றி எல்லாம் வேண்டாம், மாதச் சந்தாவைக் கட்டுங்கள் என்றாள். இப்படிப்பட்டவளை எப்படிப் பிடிக்கும்?

ஊருக்குப் பிடிக்காமல் போனதற்கு இன்னும் பெரிய காரணங்கள் இருந்தன. எமில்ராஜ் என்று ஒரு வீடியோக்காரன். கலியாணம், செத்தவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுவான், பிறகு தன் அலைவரிசையில் போட்டுவைப்பான். கலியாண வீடியோக்களுக்குப் பின்னால் எங்கள் பாட்டுகளைக் கேட்காமலே ஓடவிட்டிருந்தான். காது போட்ட முறைப்பாடுகளால் ஒருநாள் அத்தனை வீடியோக்களும் ஊமையாகிப் போயின. மணவறையில் தாலி ஏறுகிறது, சத்தம் இல்லை. ஆட்கள் வாயை வாயை அசைக்கிறார்கள், சத்தம் இல்லை. எமில்ராஜ் வீடு வீடாகப் போய், உங்கள் மகளின் கலியாணத்தை ஊமையாக்கியது செபஸ்தியம்மாவின் பெட்டைதான் என்று சொன்னான். பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு காலையில் அவளுடைய ஸ்கூட்டி இருக்கையில் மீன் குடல் கொட்டிக் கிடந்தது. அவள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஈர இருக்கையிலேயே ஏறி வேலைக்குப் போனாள். செய்தவனைத் தேடவில்லை. தேடியிருந்தால் பாதி ஊரைப் பிடித்திருக்க வேண்டும்.

கிறிஸ்ரோபர் மாஸ்ரர் மட்டும் புத்திசாலி. தன்னுடைய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்று போவதைப் பார்த்துவிட்டு, தானும் காதில் சேர்ந்து, அடுத்த வருடமே அதை நடத்தும் செயற்குழுவில் ஓர் ஆளாகிவிட்டார். ஜெசிதாவைப் பார்த்துத் தங்கச்சி என்று சிரிப்பார். அவள் திரும்பிச் சிரிக்கமாட்டாள்.

இனி டினேஸைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் ஜெசிதாவின் தம்பி, கடலுக்குப் போகிறவன். அந்த வீட்டில் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள். நித்திரை என்றால் உயிர். எழுப்பிவிடு என்று தாயிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பான், அவர் வந்து உலுப்பினால்தான் எழும்புவான். காற்றாக இருந்த ஒரு விடியலில், இன்றைக்குப் படுக்கப் போகிறேன் என்று போர்வையை இழுத்திருக்கிறான். கூடப் போகிறவர்கள் கீழே நின்று கூப்பிடுகிறார்கள் என்று செபஸ்தியம்மா அவனை எழுப்பி அனுப்பினார். படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தித் தப்பினார்கள். அவனை மண்டைதீவுக் கரையில் எடுத்தார்கள்.

செத்தவீட்டுக்கு எமில்ராஜைக் கூப்பிட்டது ஜெசிதாதான். அவளுக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது, ஆனால் பாரிஸில் இருந்த பெரியம்மா, பிள்ளையின் முகத்தைக் காட்டு என்று அழுதார், எங்கள் பக்கத்தில் நேரலைக்கு ஒழுங்கான கருவிகள் அவனிடம்தான் இருந்தன. யாருடைய பாட்டானாலும் யார் பெயர், யார் சம்மதம் என்று துருவித் துருவிக் கேட்பவள், தன் தம்பியைப் படம்பிடிக்க வந்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செத்தவீட்டில் யார் கேட்பார்கள்? எங்கள் ஊரில் கமெரா இல்லாமல் இப்போது பிரேதம் எழும்புவதில்லை.

நான் அன்று அங்கே நின்றேன். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் செபஸ்தியம்மா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குரலெடுத்தார். அந்தக் குரலை அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை. ஜெசிதாவின் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எழுப்பிவிடு எண்டு சொன்னனீ, எழுப்பினேனே மோனை. எழும்பு எண்டு கேக்கிறன், எழும்பாயோ மோனை."

திரும்பத் திரும்ப அதுதான், மகனே எழும்பு என்று. எழும்பு மோனை, எழும்பு. ஆண்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள். எமில்ராஜின் ஒலிவாங்கி பெட்டியின் தலைமாட்டில் இருந்தது. சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு செபஸ்தியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்.

மாதங்கள் போயின. ஒருநாள் கொடிகாமம் பஸ்ஸில், சாரதிக்குப் பின் இருக்கையில் அவர் இருக்கும்போது புதிதாக ஒரு பாட்டுப் போட்டார்கள். முதலில் அதிர்கிற தாளம். பிறகு ஒரு பெண் குரல், எழும்பு மோனை, எழும்பு. உடனே தாளம் இரட்டிப்பாகும். பின்னால் நின்ற இளவட்டங்கள் சேர்ந்து எழும்பு என்று கத்தினார்கள். பாரிஸில் இருக்கிற ஏதோ ஒரு டிஜே செய்த வேலை. பிறந்தநாள் விழாக்களில் அந்தச் சொல் வரும்போது எல்லோரும் கதிரையை விட்டு எழும்பி ஆடவேண்டுமாம். செபஸ்தியம்மா மணியை அடித்து நடுவழியில் இறங்கிவிட்டார். கருவாட்டுக் கடகம் பஸ்ஸிலேயே போய்விட்டது. வெயிலில் நடந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். என்ன நடந்தது என்று மகளுக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த வேறொருத்தி வந்து சொல்லித்தான் ஜெசிதா அறிந்தாள்.

எங்கள் எல்லோருடைய குரலையும் கேட்கிற காது அந்தக் குரலைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அதற்குள் ஒருவரும் போடவில்லையே.

ஜெசிதா எமில்ராஜின் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன், அவள் கையில் ஏதாவது அகப்பட்டால் பறிக்க ஓர் ஆள் வேண்டும் என்று. எமில்ராஜ் பதறாமல் ஆறுதலாக இருந்தான். தான் எடுத்த வீடியோ, தன்னுடைய அலைவரிசை, பாரிஸ் பெடியனுக்குத் தான் எழுத்தில் அனுமதி கொடுத்தது என்றான். எடுத்துவிடு என்று ஜெசிதா கேட்டாள். கேட்டாள் என்றா சொன்னேன்? அவள் கெஞ்சியதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அவன் கணினியிலிருந்து முகத்தை எடுக்காமல் பதில் சொன்னான்.

"என்ரை கலியாண வீடியோக்களை ஊமையாக்கேக்கை நீர் என்னைக் கேட்டனீரே? உம்மடை காதிட்டைப் போய்ச் சொல்லும். கொம்மா ஓம் எண்டு சொன்னால் தன்பாட்டிலை நிண்டுபோம்."

அவன் நாசமாய்ப் போகட்டும், ஆனால் சொன்னது சரி. தளத்துக்காரருக்கு ஜெசிதா நேரே எழுதிப் பார்த்தாள். உரிமையாளர் நீங்களா, இல்லையென்றால் உரிமையாளரை முறையிடச் சொல்லுங்கள் என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. இயந்திரம் எழுதுகிற பதில். செத்தவீடு என்றால் அதற்கு என்ன தெரியும்?

தாயிடம் போனாள். ஒரு சொல் சொன்னால் போதும், ஓம் என்று மட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். செபஸ்தியம்மா எதற்கு ஓம் என்று கேட்டார். அது நீங்கள் ஆக்கிய பாட்டு என்பதற்கு என்றாள் மகள். அதற்குத் தாய் சொன்னதை ஜெசிதாவே என்னிடம் சொன்னாள், அதனால் கூட்டிக் குறைத்திருக்கமாட்டாள்.

"அது பாட்டில்லை. நான் அவனோடை கதைச்சனான். பாட்டுக் கட்டினனான் எண்டு சொன்னால், பிள்ளையைப் பெட்டியிலை வைச்சுக்கொண்டு நான் சொல்லுத் தேடினனான் எண்டாகும். அந்தப் பேர் எனக்கு வேண்டாம்."

அப்படியானால் அது உலகம் முழுதும் ஓடுமே, டினேஸின் செத்தவீட்டுக்குச் சனம் ஆடுமே என்று ஜெசிதா கத்தினாள். ஆடட்டும், ஆடுகிறவர்களின் தலையில் அந்தப் பழி, என்னைத் தாளத்துக்கு அழுதவள் என்று நீ எழுதிவைக்காதே என்று தாய் திரும்பக் கத்தினார். கமெராவை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்றும் கேட்டார். அயல் வீடுகளில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாயும் மகளும் அதன்பின் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பில் சமைத்தார்கள்.

ஜெசிதா செயற்குழுவைக் கூட்டினாள். இந்த ஒருமுறை மட்டும் தாய்க்காக மகள் சொல்ல அனுமதி வேண்டும் என்று கேட்டாள். கிறிஸ்ரோபர் மாஸ்ரர் அனுபவித்து, மெதுவாக, தங்கச்சி, நீங்கள் போட்ட விதி என்றார். இந்த ஒருமுறைக்கு விட்டால், நாளைக்கு நானும் என்னுடைய ஆட்களுக்காக ஒருமுறை கேட்பேன், அப்போது என்ன சொல்வீர்கள் என்றார். அந்த மனிதரின் குரலைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். ஆனாலும் நான் அவர் பக்கம்தான் கை தூக்கினேன். அந்த விதி இல்லாவிட்டால் என் பெயர் இன்னும் ஜெனரேற்றர்காரருக்குக் கீழே கிடக்கும். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் தூக்குவேன். ஜெசிதா என் கையைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனாள்.

அடுத்த கிழமை அந்தப் பாட்டு நின்றுவிட்டது. பஸ்ஸில் இல்லை, மண்டபங்களில் இல்லை, தேடினால் கிடைக்கவில்லை. பாரிஸ் பெடியன் எமில்ராஜுக்குத் தூசணத்தில் செய்தி அனுப்பினானாம். எனக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை. கிழவி மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். காதைத் திறந்து பார்த்தேன். பெயர்ப் பதிவு இருந்தது. ஆக்கமும் குரலும் செபஸ்தியம்மா, குருநகர். அனுமதி பெற ஒரு தொலைபேசி இலக்கம்.

மாஸ்ரர் என்னைப்போல நம்பிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கொடிகாமம் சந்தைக்கே போய், கருவாடு வாங்குகிற சாட்டில், அக்கா நல்ல வேலை செய்தீர்கள் என்றார். என்ன வேலை என்று செபஸ்தியம்மா கேட்டார். மாஸ்ரர் தன் தொலைபேசியில் பெயரைக் காட்டினார், வாசித்தும் காட்டினார். செபஸ்தியம்மா அன்றைக்கு ஒருவருக்கும் கருவாடு நிறுக்கவில்லை.

குழு மறுபடி கூடியது. பதிவில் இருந்த சம்மதத்தை எல்லோருக்கும் கேட்கப் போட்டார்கள். ஓம். செபஸ்தியம்மாவின் குரல்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஜெசிதா எவரையும் கேள்வி கேட்க விடவில்லை. தானே சொன்னாள். போன வருடம் மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று வேலைத்தலத்திலிருந்து கேட்டபோது, அம்மா குரல்செய்தியில் அனுப்பிய பதில். அதில் ஓம் மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினாளாம்.

"களவுதான். எமில்ராஜ் செய்ததைத்தான் நானும் செய்தனான். அவன் ஆடக் குடுத்தான், நான் நிப்பாட்டக் குடுத்தன். வித்தியாசம் இருக்கெண்டு நான் சொல்லேல்லை."

பொய்யாக ஓம் சொல்லவைப்பவர் விலக்கப்படுவார் என்பது அவள் எழுதிய இரண்டாவது விதி. அவளை விலக்கினோம். மாஸ்ரர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார், அதைப் பார்த்தபோது எனக்கு அவரைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போடவேண்டும் போல இருந்தது. செபஸ்தியம்மாவின் பெயரை எடுத்துவிடுவோம் என்று பார்த்தோம். முடியவில்லை. ஏறிய பெயரை எவராலும் அழிக்க முடியாதபடி அவள் கட்டியிருந்தாள். சம்மதம் பொய் என்று கீழே ஒரு குறிப்பு மட்டும் போடலாம், போட்டால் முறைப்பாடு செல்லாமல் போகும், பாட்டு மறுபடி பஸ்ஸில் ஓடும். குழுவில் ஒருவருக்கும் அந்தக் குறிப்பை எழுதக் கை வரவில்லை. மாஸ்ரருக்கும் வரவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆகவே பெயர் அப்படியே நின்றது.

காதின் கணக்குகளையும் திறப்புச் சொற்களையும் வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். தொடர்மாடிக்குப் போனேன். ஜெசிதா மடிக்கணினியை மேசையில் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டிக்கொடுத்தாள். எந்தச் சொல் எதற்கு, எதை மாற்றவேண்டும், எதைத் தொடக்கூடாது என்று பொறுமையாக, புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செபஸ்தியம்மா அடுப்படி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. ஜெசிதா பதிவில் கொடுத்திருந்த இலக்கம் அதுதான். அவள் ஒலிபெருக்கியில் போட்டு யார் என்று கேட்டாள். ரொறன்ரோவில் இருந்து ஒருவர். மரியாதையான பேச்சு. தகப்பனார் கரவெட்டியில் தவறிவிட்டார், வியாழக்கிழமை எடுக்கிறார்கள், தன்னால் வர முடியாது, நேரலையில்தான் பார்க்கப்போகிறார். அந்த எழும்புப் பாட்டைத் தான் முன்பு கேட்டு அழுததாகவும், பாடியவரின் பெயரைத் தேடிக் காதில் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். பெயரோடு கௌரவமாகக் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் நேரே எடுக்கிறாராம். செபஸ்தியம்மா அம்மா வந்து, அப்பாவின் பெயரைச் சேர்த்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஒருமுறை பாடுவாரா? வாகனம் அனுப்புவார்.

ஜெசிதா தொலைபேசியை நிறுத்தக் கை நீட்டினாள். அதற்குள் செபஸ்தியம்மா எழும்பி வந்துவிட்டார். மீன் செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மகளின் கையை விலக்கிவிட்டு, தொலைபேசியை வாய்க்குக் கிட்ட எடுத்தார். கோபமாகப் பேசவில்லை. சந்தையில் இல்லாத சாமானைக் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"தம்பி, அதைப் பாடுறதெண்டால் என்ரை பிள்ளை சாகவேணும். இன்னும் ஒருத்திதான் மிச்சம். இஞ்சை பக்கத்திலைதான் நிக்கிறாள். அவள் செத்தாப்போலை எடுங்கோ, பாடுறன்."

தொலைபேசியை மகளின் கையிலேயே கொடுத்துவிட்டு, மிச்ச மீனை வெட்டப் போனார்.